பாட்டை மட்டும் எடுத்துருங்க

…இதுக்குப் பேரு சூப்பா? சொல்லுங்க! நானும் பூசணிக்காயோட முப்பது வருஷம் பழகினவன். காய்கறி மண்டி நம்மளுது. ஒரு பூசணிக்காய இவ்வளவு கேவலப்படுத்தி நான் பாத்ததே இல்ல. வெந்நில கொஞ்ச நேரம் குளிப்பாட்டிட்டு வெளிய எடுத்துட்டாங்க போல. குடிங்க, குடிங்க. ஆறிடுச்சுன்னா அந்த வெந்நி ருசியும் போயிரும்.

ஆமா, நீங்க உக்காந்திருக்கிறது எம் பொண்ணுக்குப் போட்ட நாற்காலி. அட, எந்திரிக்காதீங்கம்மா! சும்மா தகவலுக்குச் சொன்னேன். அவ வந்தா அப்பப் பாத்துக்கலாம். வந்தாத்தான? அதோ, சூப்பு அண்டாகிட்ட நிக்கிறாளே, வெள்ளைச் சேலை, கரண்டியக் கையில வச்சுக்கிட்டு… அவதான். இந்த ஊரு ஆஸ்பத்திரி நர்ஸு. எல்லா மேசைக்கும் போறா, இந்த மேசைக்கு மட்டும் வேற ஆள அனுப்புறா. சரி, விடுங்க.

உங்களுக்குத் தொண்டை சரியில்லையா? கழுத்தச் சுத்திச் சால்வை, கையில சுடுதண்ணி பிளாஸ்க்கு… சரி சரி, பேசாதீங்க. தலைய மட்டும் ஆட்டுங்க. நான் பேசிக்கிறேன். தொண்டைங்கிறது என்ன, உடம்புல இருக்கிற குழாய்தான? ரெண்டு நாள் மூடி வச்சாச் சரியாப் போயிரும்.

டிக்கெட்டு என்ன வெலைக்கு வாங்கினீங்க? …அச்சடிச்சிருந்த வெலைக்கேவா? ஏம்மா! அச்சடிச்ச வெலைங்கிறது பேச ஆரம்பிக்கிறதுக்கும்மா! தர்ம காரியம்னா வாயைப் பொத்திக்கணும்னு யாரு சொன்னது? நான் பதினொரு வயசுல கூடை சுமக்க வந்தவன். வாத்தியாரு ஒருத்தரும் எனக்குச் சொல்லிக் குடுக்கலை. ஏமாத்தினவன் எல்லாரும் சொல்லிக் குடுத்தான். ஒவ்வொருத்தன்கிட்டயும் ஒவ்வொரு பாடம். இன்னிக்கு மார்க்கெட்டுல எனக்குப் பட்டப்பேரே ‘அரைவெலை’தான். ‘அரைவெலை வர்றாரு’ன்னா கடைக்காரன் சரக்க மூடி வைப்பான். அது மரியாதைங்க.

ஸ்ஸ்… காத்து வேற! பாருங்க, சைடுல ஒரு முழத் துணி இல்ல. மேல மட்டும் பந்தல். உழுது போட்ட நெலத்துப் புழுதி அப்படியே நேரா வந்து தட்டுல உக்காருது. சூப்புல மெளகு இல்லையேன்னு பாத்தேன், இப்ப சரியாப் போச்சு. இந்தப் பண்ணைக்கார அம்மா நல்ல மனுஷி, எடத்தச் சும்மா குடுத்தாங்க, பால் குடுத்தாங்க, சோளக்கதிரும் தேனும் குடுத்தாங்க. ‘பத்து மைலுக்குள்ள வெளஞ்சதுதான் இன்னிக்குச் சாப்பாடு’ன்னு போர்டுல எழுதிப் போட்டிருக்காங்க. புழுதியும் பத்து மைலுக்குள்ளதான், குத்தம் சொல்ல முடியாது.

அங்க பாருங்க, அங்க, வேலி ஓரமா. வைக்கோல் கட்டுல உக்காந்திருக்காரே, டை கட்டிக்கிட்டு? வங்கி மேனேஜரு. அவருக்குப் பின்னாடி மாடு நிக்குதா? அவரு உக்காந்திருக்கிற கட்டத்தான் அது தின்னுக்கிட்டிருக்கு. அவருக்குத் தெரியாது. கால் மணி நேரமா நான் பாக்குறேன், மனுஷன் கொஞ்சம் கொஞ்சமாக் கீழ எறங்குறாரு. சொல்லலாம்தான். சொன்னா நாற்காலி கேப்பாரு. நாற்காலி இல்ல.

எதுக்கு இந்த விருந்துன்னு தெரியும்ல? ஆம்புலன்ஸுக்கு. இருந்த ஆம்புலன்ஸு போன வருஷம் படுத்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி நிக்குது, உள்ள கோழி முட்ட போடுது. தட்டுக்கு அடியில ஒரு அட்டை இருக்கே, பாத்தீங்களா? அதுல அவங்கவங்க குடுக்கிற தொகைய எழுதணும். பாட்டெல்லாம் கேட்டு, மனசு எளகி, அப்புறம் எழுதுவாங்களாம். எம் பொண்ணோட யோசனை. டிக்கெட்டுக் காசு சாப்பாட்டுக்குத்தான் சரியா இருக்கும், வண்டி வர்றது இந்த அட்டையிலதான்னு ஒவ்வொரு மேசையா நின்னு சொன்னா. இந்த மேசைக்கு வேற ஆள வச்சுச் சொன்னா.

மனசு எளகுறதுக்கு அந்த நாலு பேரையும் பாருங்க மேடையில. டிரம்மு, கிடாரு, புல்லாங்குழலு, வயலினு. எழவு வீட்டுக்கு வந்தவங்க மாதிரி உக்காந்திருக்கானுங்க. கேளுங்க, கேளுங்க… இப்ப நல்லாத்தான் வாசிக்கிறாங்க. இப்ப… இந்தா, இப்ப பாருங்க… ஆங்! அடக்கிட்டாங்க பாத்தீங்களா? நாலு பேரும் அந்த வெறும் மைக்கப் பாக்குறாங்க. பாட்டு வர வேண்டிய எடமாம் அது. ஒரு வரி பாடுற நேரம் சும்மா இருந்துட்டு, அப்புறம் மறுபடியும் ஆரம்பிப்பாங்க. ஒரு மணி நேரமா இதேதான். எங்க கை தட்டுறதுன்னு ஒருத்தருக்கும் தெரியலை. பாதியில தட்டிட்டு, வெக்கப்பட்டு, கையச் சொறியிற மாதிரி நடிக்கிறாங்க. அந்த இடைவெளியில கொட்டகையில ஒரு கன்னுக்குட்டி கத்துது. அது மட்டும் சரியான தாளத்துல கத்துது.

பாடுறவங்க வரலையா? வரலை. வர வேண்டாம்னு சொன்னதால வரலை.

இருங்க, மொதல்லேருந்து சொல்றேன். உங்களுக்கு என்ன அவசரம், பாட்டா ஓடுது?

நாலு மாசம் முந்தி. ஒரு சாயங்காலம் தக்காளி லோடு ஏத்திக்கிட்டு நிக்கிறேன், பொண்ணுகிட்டேருந்து போனு. ‘அப்பா, லாரிய எடுத்துக்கிட்டு ஒடனே செங்கல் சூளைக்கு வாங்க’ன்னா. சூளையில வேலை பாக்குற ஒருத்தனோட பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சு. ஆம்புலன்ஸு இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம். தக்காளிய எறக்க நேரமில்ல, கூடைகள ஒதுக்கி நடுவுல படுக்க வச்சாச்சு. நான் ஓட்டுறேன், பின்னால எம் பொண்ணு. பாதி வழியில, ஆத்துப் பாலம் கட்டுறாங்களே, அங்க, அழுகைச் சத்தம் கேட்டுச்சு. பொம்பளப் புள்ள. ரெண்டு கூடை தக்காளி நசுங்கிப் போச்சு.

வாடகை வாங்கலைங்க! ஒரு பைசா வாங்கலை. நசுங்கின தக்காளியக் கூடச் சேக்கலை, சேத்திருக்கலாம். டீசலுக்கு மட்டும்தான் கேட்டேன். டீசல் நான் போட்டதுதான? அந்த ஆளு மூணு நாள் கழிச்சு மண்டிக்கு வந்து குடுத்தான். சில்லறையா. துணியில முடிஞ்சு. நானும்… எண்ணாமத்தான் வாங்கினேன்.

இது எப்படியோ எம் பொண்ணு காதுக்குப் போச்சு. மறுநாள் ரெண்டு பையில துணிய எடுத்துக்கிட்டா, ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு ரூம்பு இருக்கு, அங்க போயிட்டா. ஒரு வார்த்தை திட்டலைங்க. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை திட்டி, ரெண்டு பேருமா ஒரு நடுவெலைக்கு வந்திருப்போம். பேசாமப் போறவங்ககிட்ட எப்படிப் பேரம் பேசுறது? எனக்குத் தெரிஞ்ச ஒரே தொழிலும் அங்க நடக்கலை. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவ அம்மா மூணு தட்டு வைப்பா. ஒரு தட்டு கவுத்தபடியே கெடக்கும். நான் சாப்பிட்டு எந்திரிச்சிருவேன்.

மூணு வாரத்துக்கு முன்னாடி அவளே மண்டிக்கு வந்தா. மூட்டை மேல உக்காரலை, நின்னுக்கிட்டே பேசினா. ‘அப்பா, ஆம்புலன்ஸுக்காக ஒரு விருந்து வைக்கிறோம். பந்தல், சமையல், பாட்டு, எல்லாரையும் உங்களுக்குத்தான் தெரியும். கமிட்டி காசு குடுக்கும், நீங்க ஏற்பாடு பண்ணிக் குடுங்க. ஆனா யாருகிட்டயும் பேரம் பேசக் கூடாது. ஒருத்தர்கிட்டயும். பேசாம இருந்தீங்கன்னா அடுத்த ஞாயித்துக்கிழமை சாப்பிட வர்றேன்.’

சத்தியமாச் சொல்றேன், நான் பேரம் பேசலை. என்ன அப்படிப் பாக்குறீங்க? வெலைய நான் தொடவே இல்ல. வேணும்னா அவங்களக் கூப்பிட்டுக் கேளுங்க. பந்தல்காரர் வந்தாரு. ‘என்னென்ன தருவீங்க, ஒவ்வொண்ணா எழுதிக் குடுங்க’ன்னேன். எழுதினாரு. மேல்துணி, சைடுதுணி, நாற்காலி, மேசை, மைக்கு, பல்பு, வயரு… ஒவ்வொண்ணுக்கும் ஒரு வெலை. எந்த வெலையும் ஜாஸ்தின்னு சொல்லலை நானு! ‘நியாயமான வெலை’ன்னு என் வாயால சொன்னேன். அவரு மயங்கி விழாத கொறை. அப்புறம் பேனாவ எடுத்து, ‘சைடுதுணி வேண்டாம்’னு ஒரு கோடு. ‘பண்ணையில வைக்கோல் கட்டு இருக்கு, நாற்காலி பாதி போதும்’னு ஒரு கோடு. இது பேரமா? பேரம்ங்கிறது வெலையக் கொறைக்கிறது. நான் பொருள எடுத்தேன். அது வேற, இது வேற. கோர்ட்டுக்குப் போனாலும் இது நிக்கும்.

சமையல்காரர் பட்டியல்ல வெண்ணெய், பாலாடைன்னு தனியா எழுதியிருந்தாரு. மாட்டுப் பண்ணையில போய் வெண்ணெய்க்குக் காசா? ஒரு கோடு. இங்க வந்தாத்தான் தெரியுது, பால் எல்லாம் விடியறதுக்கு முன்னாடி வண்டியில ஏறிப் போயிருதாம். வீட்டுக்குன்னு ஒரு செம்புதான் நிறுத்துவாங்களாம். அதத்தான் நமக்குக் குடுத்திருக்காங்க. நூத்தியிருவது பேருக்கு ஒரு செம்புப் பாலு. அதான் சூப்பு இப்படி வெளுத்துப் போயிருக்கு. பூசணிக்காய் மேல தப்பு இல்ல. நான் ஆரம்பத்துல கொஞ்சம் அவசரப்பட்டுப் பேசிட்டேன்.

பல்பு விஷயம் கேக்காதீங்க. மேல பாருங்க, அம்பது பல்பு தொங்குது, ஒண்ணாச்சும் எரியுதா? நான் ‘வயரு’ங்கிறத அடிச்சிருக்கேன். பல்பு வாங்கினா வயரு கூட வரும்ல, அதுக்கு எதுக்குத் தனிக் கணக்குன்னு. அந்த ஆளு பல்ப மட்டும் கயித்துல கட்டித் தொங்க விட்டுட்டுப் போயிட்டாரு. கேட்டா பட்டியலக் காட்டுறாரு. என் கோடு, என் கையெழுத்து. அதனாலதான் பொழுது சாயறதப் பாத்து என் லாரியத் திருப்பி நிறுத்தி, ஹெட்லைட்ட மேடைப் பக்கம் போட்டு வச்சிருக்கேன். பேட்டரி நிக்காது, இன்ஜின் ஓடணும். அந்தப் பக்கம் டுர்ருன்னு கேக்குதே, நம்ம டீசலுதான். எரியுது. எரியட்டும்.

கேட்டீங்களா? மறுபடியும் கன்னுக்குட்டி.

பாட்டு விஷயத்துக்கு வர்றேன். டிரம்முக்காரர்தான் இந்தக் கூட்டத்துக்குத் தலைவரு. அவரும் எழுதிக் குடுத்தாரு. டிரம்முக்கு இவ்வளவு, கிடாருக்கு இவ்வளவு, குழலு, வயலினு… கடைசி வரியில ‘பாட்டு’ன்னு போட்டு ஒரு தொகை. நாலு பேருக்கும் சேத்தே அவ்வளவு வரலை! ‘யாருய்யா பாடுறது?’ன்னேன். ‘ஒரு அம்மா. அவங்க குரலுக்குத்தான் கூட்டம் உக்காரும், நாங்க பின்னால தாங்கிப் பிடிக்கிறதோட சரி’ன்னாரு. நான் யோசிச்சேன். மத்தவங்க எல்லாம் ஒரு சாமானத் தூக்கிக்கிட்டு வர்றாங்க. டிரம்ம ஏத்தி எறக்கவே ரெண்டு ஆளு வேணும். இந்த அம்மா என்ன கொண்டு வருது? வெறும் கைய வீசிக்கிட்டு வருது! சுமைக் கூலி கூட இல்லாத சரக்குக்கு எதுக்கு இவ்வளவு? அதுவும் எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுதான். கேக்குறவங்க அவங்கவங்க மனசுக்குள்ள பாடிக்கட்டுமே. ‘பாட்டை மட்டும் எடுத்துருங்க’ன்னு ஒரு கோடு. டிரம்முக்காரர் என்னையே கொஞ்ச நேரம் பாத்தாரு. ‘சரிங்க’ன்னாரு. மைக்க மட்டும் அடிக்க மறந்துட்டேன், அதான் அது அங்க தனியா நிக்குது.

சிரிக்கிறீங்களா, இருமுறீங்களா? தண்ணியக் குடிங்க.

எனக்காகவா பண்ணேன்? இந்தா பாருங்க, சட்டைப் பையில கவரு. மிச்சம் பிடிச்சது பூராவும் இதுல இருக்கு. ஒத்தப் பைசா நான் எடுத்துக்கலை. கடைசியில எல்லார் முன்னாடியும் எம் பொண்ணு கையில குடுத்து, ‘இந்தாம்மா, அப்பா பேரமே பேசாம இவ்வளவு மிச்சம் பண்ணியிருக்கேன்’னு சொல்லலாம்னு. அவ மொகம் எப்படி இருக்கும்னு மூணு வாரமா நெனச்சுப் பாத்துக்கிட்டேன். லாரி ஓட்டுறப்பல்லாம் நெனச்சுக்குவேன்.

இப்ப அந்த மொகத்தப் பாருங்க. கரண்டியப் பிடிச்சுக்கிட்டு வாசப் பக்கம் பாக்குறா. ஏன் பாக்குறா? ஓ… எந்திரிச்சுட்டாங்க. மூணாவது மேசை மொத்தமா எந்திரிக்குது. அங்க பாருங்க, கார்ச் சாவிய எடுத்துட்டாரு ஒருத்தரு. யோவ், சோளக்கதிரு இன்னும் வரலைய்யா! தேன் இருக்குய்யா! …காதுல வாங்கலை. அட்டை? அட்டைய எழுதினாங்களா? தட்டுக்கு அடியில அப்படியே வெள்ளையா இருக்கு. மத்த மேசையெல்லாமும் வெள்ளையாத்தான் இருக்கு. இவங்க போயிட்டா ஆம்புலன்ஸு போச்சு. மனசு எங்க எளகும், புழுதிதான் எளகுது. மேனேஜரு ஒருத்தர்தான் போகாம இருக்காரு, அவரால எந்திரிக்க முடியலை.

நான் என்னங்க பண்ணட்டும்? நானே போய்ப் பாடட்டுமா? என் குரல் ஏலம் விடுறதுக்குத்தான் லாயக்கு. இருக்கிற நாலு பேரும் ஓடிருவாங்க. கன்னுக்குட்டியும் ஓடிரும்.

ஒரே ஒரு கோடு. அந்த ஒரு கோட்ட மட்டும் போடாம இருந்திருக்கலாம். சைடுதுணி இல்லாட்டிக் கூட உக்காந்திருப்பாங்க. வெண்ணெய் இல்லாட்டிக் கூட… சொல்லப் போனா, எல்லாத்தையும் எடுத்துட்டு அந்தப் பாட்ட மட்டும் விட்டிருந்தாலும் போதும் போல. அது தெரிய மாட்டேங்குதே எனக்கு. கையில தூக்க முடிஞ்சாத்தான் எனக்கு அது பொருளு.

என்ன, நீங்களும் எந்திரிச்சுட்டீங்க? நீங்களுமா கெளம்புறீங்க? சால்வைய மறந்துட்டுப் போறீங்கம்மா… பிளாஸ்க்கு… ஏம்மா, வாசல் அந்தப் பக்கம்! இது மேடைக்குப் போற வழி. அங்க படி சரியில்ல, பாத்து… படியும் நான் அடிச்ச ஐட்டம்தான்.

எதுக்கு டிரம்முக்காரரு எந்திரிச்சு நிக்கிறாரு? குழலுக்காரன் எதுக்கு மைக்கத் தொடைக்கிறான்?

…அட.

அடக் கடவுளே! அந்த அம்மாவா இது? நானு… வெறும் கைய வீசிக்கிட்டுன்னு… சுமைக் கூலின்னு… தொண்டைய குழாய்னு வேற சொன்னேனே. அவ்வளவையும் உக்காந்து கேட்டுக்கிட்டு, சூப்பையும் குடிச்சுக்கிட்டு… அதுவும் அச்சடிச்ச வெலைக்கு டிக்கெட் வாங்கிட்டு வந்து!

…

இந்தப் பாட்டு எனக்குத் தெரியுமே. மண்டியில ரேடியோவுல தினம் ஓடுற பாட்டு. தெனம் ஓடுது, நான் தெனம் மூட்டை எண்ணுறேன். இது இப்படி இருக்கும்னு… சரி.

கார்ச் சாவிக்காரரு வாசல்ல நின்னுட்டாரு. திரும்புறாரு. உக்காருறாரு. அடுத்தவரு வைக்கோல் கட்டுல உக்காருறாரு, என்ன பெருந்தன்மை! லாரி இன்ஜின் டுர்ருங்குது குறுக்க, அத அணைச்சா வெளிச்சம் போயிரும்… பரவால்ல, குரல் அதையும் தாண்டி வருது. கன்னுக்குட்டி வாய மூடிருச்சு. மேனேஜரு தலை மட்டும்தான் தெரியுது, அந்தத் தலையும் ஆடுது. பேனா எடுக்கிறாங்க. அங்க ஒருத்தரு… இங்க… அந்தக் கெழவர் பக்கத்து ஆளுகிட்டப் பேனா கேக்குறாரு.

அந்த அம்மாவும் தன் அட்டைய எழுதித்தான் வச்சிருக்கு போல. கிண்ணத்துக்கு அடியில கவுத்து வச்சிருக்கு. பாக்கக் கூடாது. சும்மா ஒரு ஓரமா… ம். இந்தத் தொகைய நான் எங்கயோ பாத்திருக்கேனே. இரு இரு… எங்க அந்தக் காகிதம்… டிரம்மு, கிடாரு, குழலு, வயலினு… கடைசி வரி. அதேதான். நான் கோடு போட்ட தொகை. பைசா கொறையாம அதத்தான் எழுதியிருக்கு.

எனக்கு எதிரா இப்படி ஒரு வியாபாரி இதுவரைக்கும் உக்காந்ததில்ல.

…யாரு? ஓ. நீயா. வாம்மா. அட்டை வாங்க வந்தியா? உக்காரு. உன் நாற்காலிதான். அந்த அம்மாவோட சால்வை அது, மெதுவா நகத்தி வை.

என் அட்டையா? எழுதியிருக்கேனே. ஆமா, எழுதி, அப்புறம் ஒரு கோடு போட்டு, பாதியாக்கி… பழக்கம்மா, கை தானாப் போகுது. குடு. மறுபடி எழுதுறேன். மேல இருக்கிறதே இருக்கட்டும், கோட்ட அழிக்க முடியாது, பக்கத்துல முழுசா எழுதுறேன். இந்தக் கவரையும் பிடி. மிச்சம் பிடிச்சது. ஆமா. மிச்சம்தான். அப்படிப் பாக்காத. எல்லாம் நீயே கேட்டிருப்ப, இந்த வாய் ஊருக்கே கேக்குமே.

ஏம்மா… ஞாயித்துக்கிழமை? ரெண்டு வேளையும் வேண்டாம். மதியம் மட்டும். …சரி, சாப்பாடு வேண்டாம், ஒரு காபி. நின்னுக்கிட்டே குடிச்சுட்டுப் போ. உங்கம்மாவுக்காக, அந்தத் தட்ட ஒரு தடவை நிமித்தி வச்சா… சரி. சரி. பேரம் பேசலை. நிறுத்திட்டேன்.

அந்தச் சூளைக்காரன் வீடு எங்க இருக்கு? நாளைக்குக் காலையில போறேன். டீசல் காசு. உன்கிட்டக் குடுத்து அனுப்பலை, நானே கொண்டு போய் அவன் கையில குடுத்துட்டு வர்றேன். புள்ளையையும் பாக்கணும். தக்காளிக் கூடையில பொறந்தது, எவ்வளவு வளந்திருக்குன்னு… கூட வர்றியா? …வழி சொல்லத்தான்.

என்ன சொன்ன? காதுல விழலை. தலைய ஆட்டினியா நீ இப்ப? ஆட்டினதானே? மறுபடி ஒரு தடவை… சரி, சரி. கேக்கலை.

ஷ்ஷ். பேசாத. அந்த அம்மா பாடிக்கிட்டிருக்காங்க.